மேலே அழுவது பொம்மைதான்

தலைமையாசிரியை: ...இப்போ நின்னுடுச்சு. கேட்டீங்கல்ல?

பயாலஜி டீச்சர்: எதை மேடம்?

தலைமையாசிரியை: மேல. உங்க லேப் பக்கத்துல.

பயாலஜி டீச்சர்: ஃபேனா இருக்கும். அதுக்கு எண்ணெய் விட்டு எத்தனையோ வருஷமாச்சு.

தலைமையாசிரியை: ஃபேன் விக்கி விக்கி அழாது டீச்சர்.

பயாலஜி டீச்சர்: அப்போ பூனை...

தலைமையாசிரியை: பூனையா. சரி, பூனைன்னு வச்சுக்குவோம்... இந்தா, மறுபடியும். காதைக் குடுத்துக் கேளுங்க. இது எந்த ஊர்ப் பூனை?

பயாலஜி டீச்சர்: ...பொம்மை மேடம்.

தலைமையாசிரியை: எது?

பயாலஜி டீச்சர்: அழுகைப் பொம்மை. வாழ்க்கைத் திறன் வகுப்புக்குன்னு வாங்கினோமே, நிஜக் குழந்தை மாதிரியே அழும்னு. நீங்கதான ஸ்டோர் ரூம்ல வச்சுப் பூட்டச் சொன்னீங்க. பேட்டரியைக் கழட்டாம வச்சுட்டோம் போல.

தலைமையாசிரியை: பொம்மை.

பயாலஜி டீச்சர்: ஆமா மேடம்.

தலைமையாசிரியை: ...சரி. பொம்மைதான்.

பயாலஜி டீச்சர்: நான் போகும்போது மேல ஏறி நிறுத்திட்டுப் போறேன். நீங்க புறப்படுங்க. பரீட்சை முடிஞ்சு எல்லாரும் போயாச்சு. வாட்ச்மேன்கூட டீ குடிக்கப் போயிட்டார்.

தலைமையாசிரியை: என்னை அனுப்பி வைக்கிறதுலயே குறியா இருக்கீங்க.

பயாலஜி டீச்சர்: கண்ணு ரெண்டும் சிவந்து கிடக்கே, அதான் சொன்னேன்.

தலைமையாசிரியை: தூக்கம் இல்ல. ராத்திரில அடிக்கடி எழுந்திருக்க வேண்டியிருக்கு.

பயாலஜி டீச்சர்: சுகரா மேடம்?

தலைமையாசிரியை: சுகர்னே வச்சுக்கங்க. உட்காருங்க. நிர்வாகி வர்றார்னு போன் வந்துச்சு. நாளைக்கு ஒழுக்கக் கேடயம் குடுக்கிற குழு வருதுல்ல, மேடையைப் பார்க்கணுமாம்.

பயாலஜி டீச்சர்: இப்பவா? இந்நேரத்துல எதுக்கு மேடம்...

தலைமையாசிரியை: பள்ளிக்கூடம் அவரோடது, எந்நேரமும் வருவார். உங்களுக்கு ஏன் வேர்க்குது?

பயாலஜி டீச்சர்: மாடி ஏறி இறங்கினேன்.

தலைமையாசிரியை: பார்த்தேன். பரீட்சை நடக்கும்போதும் ஏறினீங்க, இறங்கினீங்க. அப்படி என்ன வேலை ஸ்டோர் ரூம்ல?

பயாலஜி டீச்சர்: தவளை பாட்டில் எல்லாம் தூசி படிஞ்சு கிடக்கு. நாளைக்கு குழு வருதேன்னு...

தலைமையாசிரியை: குழு தவளையைப் பார்க்க வரலை. நம்ம பொண்ணுங்க எவ்வளவு ஒழுக்கமா இருக்காங்கன்னு பார்க்க வருது.

பயாலஜி டீச்சர்: அதை எப்படி மேடம் பார்ப்பாங்க?

தலைமையாசிரியை: வரிசையா நிக்க வச்சுப் பார்ப்பாங்க. ஜடை இறுக்கமா இருந்தா ஒழுக்கமும் இறுக்கமா இருக்குன்னு அர்த்தம்... அது கிடக்கட்டும். அந்தக் காமாலைப் பொண்ணு போயிட்டாளா?

பயாலஜி டீச்சர்: எந்தப் பொண்ணு?

தலைமையாசிரியை: பத்தாங் கிளாஸ். காமாலைன்னு லீவுல இருந்துட்டு நேரா பரீட்சைக்கு வந்தாளே. நீங்கதான அவளுக்காக வந்து பேசினீங்க.

பயாலஜி டீச்சர்: ஓ, அவளா. மணி அடிச்சதும் முதல் ஆளா போயிட்டா.

தலைமையாசிரியை: முன் கேட் பக்கத்துல நான்தான் நின்னேன். எல்லா ஜடையும் போச்சு. அவளோடது போகலை.

பயாலஜி டீச்சர்: பின் கேட் வழியா போயிருப்பா...

தலைமையாசிரியை: பின் கேட் சாவி இதோ, என் மேஜையில. காமாலை வந்தவங்க இளைச்சுப் போவாங்க. இவ கன்னம் வச்சு வந்திருக்கா.

பயாலஜி டீச்சர்: பத்தியச் சாப்பாடு மேடம். உடம்புல பிடிச்சுக்கிச்சு.

தலைமையாசிரியை: காமாலைக்குப் பத்தியமா, வேற எதுக்காவதா?

பயாலஜி டீச்சர்: மேடம், நாளைக்கு ஒரே ஒரு பேப்பர்தான் பாக்கி.

தலைமையாசிரியை: நான் பேப்பரைக் கேட்கலையே.

பயாலஜி டீச்சர்: அதை மட்டும் எழுதிட்டா அவ பாட்டுக்குப் போயிடுவா. எழுத விடலைன்னா பத்தாங் கிளாஸும் இல்ல, கையில ஒண்ணும் இல்ல. வீட்டுலயும் வாசலோட சரின்னு சொல்லிட்டாங்க.

தலைமையாசிரியை: ஏன், வீட்டுல என்ன?

பயாலஜி டீச்சர்: காமாலை ஒட்டிக்கும்னு பயம்.

தலைமையாசிரியை: அப்போ எங்க இருக்கா?

பயாலஜி டீச்சர்: என் வீட்டுல.

தலைமையாசிரியை: ...ஒட்டிக்கிற காமாலையை.

பயாலஜி டீச்சர்: ஆமா மேடம்.

தலைமையாசிரியை: இங்க இருக்கிற சட்டம் உங்களுக்கு நான் சொல்லணுமா? ‘அந்த மாதிரி’ ஒரு பொண்ணுன்னு தெரிஞ்சா அந்த நிமிஷமே டி.சி. பரீட்சை எழுதிட்டு இருந்தாலும் கையில இருக்கிற பேனாவை வாங்கிட்டு அனுப்பணும். நிர்வாகி தன் கையால எழுதி, தன் செலவுல பிரேம் போட்டு மாட்டினது. உங்க தலைக்கு மேலதான் தொங்குது.

பயாலஜி டீச்சர்: தெரியும்... காமாலைக்கு அந்தச் சட்டம் கிடையாதே.

தலைமையாசிரியை: கிடையாது. காமாலைக்குக் கிடையாது... இது பசி இல்ல.

பயாலஜி டீச்சர்: எது மேடம்?

தலைமையாசிரியை: மேல. பசின்னா விட்டு விட்டு அழும். இது இழுத்து இழுத்து அழுவுது. துணி நனைஞ்சிருக்கு.

பயாலஜி டீச்சர்: ...

தலைமையாசிரியை: பொம்மைக்கு.

பயாலஜி டீச்சர்: பொம்மைக்கு அதெல்லாம்கூட உண்டா?

தலைமையாசிரியை: கையேட்டுல போட்டிருக்கு. பசிக்கு ஒரு அழுகை, ஈரத்துக்கு ஒரு அழுகை, வயித்துல வாயுன்னா ஒரு அழுகை. அப்புறம் சும்மா அழறது. அந்தச் சும்மாதான் ஆளைக் கொல்லும். தோள்ல போட்டுக்கிட்டு நடந்துக்கிட்டே இருக்கணும். உட்கார்ந்தா கண்டுபிடிச்சுடும்.

பயாலஜி டீச்சர்: கையேட்டை முழுசா படிச்சிருக்கீங்களே.

தலைமையாசிரியை: யாராவது படிக்கணும்ல.

பயாலஜி டீச்சர்: காலை ஆட்டிக்கிட்டே இருக்கீங்க மேடம்.

தலைமையாசிரியை: ஆட்டுறேனா?

பயாலஜி டீச்சர்: மேஜையே ஆடுது.

தலைமையாசிரியை: ...பழக்கம்.

பயாலஜி டீச்சர்: அந்தக் கையேட்டை நம்ம பொண்ணுங்க ஒருத்தியாவது படிச்சிருந்தா...

தலைமையாசிரியை: ஏன் நிறுத்திட்டீங்க, சொல்லுங்க.

பயாலஜி டீச்சர்: ஆளுக்கு ஒரு ராத்திரி வீட்டுக்குக் கொண்டு போய் வச்சுக்கணும்னுதான் அதை வாங்கினது. நீங்க பெட்டியைப் பிரிக்கவே விடலை.

தலைமையாசிரியை: பெட்டியைக் காட்டினோமே.

பயாலஜி டீச்சர்: பெட்டி மேல இருந்த படத்துல பேப்பரை ஒட்டி, பெட்டியைக் காட்டினோம்.

தலைமையாசிரியை: படத்துல பொம்மைக்கு உடுப்பு இல்ல டீச்சர்.

பயாலஜி டீச்சர்: அப்புறம் நிர்வாகி வந்து பேசினார். பூ, வண்டு, தேன், மகரந்தம்னு. பிள்ளைங்க கொட்டாவி விட்டு விட்டு வாயே வலிச்சுப் போச்சு. கடைசியில ‘ஏதாவது சந்தேகம்’னு கேட்டார். ஒருத்தி எழுந்து, எங்க வீட்டு ரோஜா பூக்கவே மாட்டேங்குது, என்ன உரம் போடலாம்னு கேட்டா.

நிர்வாகி: அதுக்கு நான் பதிலும் சொன்னேன். மாட்டுச் சாணம்.

தலைமையாசிரியை: வாங்க சார். வணக்கம். கார் சத்தமே கேட்கலையே.

நிர்வாகி: மேடையைப் பார்த்துட்டு அப்படியே நடந்து வந்தேன். வணக்கம், வணக்கம். டீச்சரும் இருக்கீங்களா, நல்லது. ரெண்டு பேரும் கேளுங்க. நாளைக்குக் காலையில இந்தப் பள்ளி வரலாறு படைக்கப் போகுது. சுத்துவட்டாரத்துல எந்தப் பள்ளியை எடுத்துக்கிட்டாலும் சரி, வருஷத்துக்கு ஒண்ணோ ரெண்டோ ‘சம்பவம்’ இருக்கு. நம்ம பள்ளியில பூஜ்யம். நான் கேடயம் வாங்கும்போது பின்னாடி பேனர்ல பெருசா ஒரு பூஜ்யம் போடச் சொல்லியிருக்கேன்.

தலைமையாசிரியை: உங்க படத்துக்குப் பக்கத்துலயா சார்?

நிர்வாகி: என் தலைக்குப் பின்னாடி. ஒளிவட்டம் மாதிரி இருக்கும்னு ஆர்ட்டிஸ்ட் சொன்னார்... சரி, மேடையில ஒரு மாணவி பேசணும். வாழ்க்கைத் திறன் பரீட்சையில நூத்துக்கு நூறு வாங்கினாளே, அவதான் பேசணும். யாரவ?

தலைமையாசிரியை: காமாலைப் பொண்ணு சார்.

நிர்வாகி: காமாலையா? பாவம், அவதான் நூத்துக்கு நூறு. அந்த விடைத்தாளை நானே திருத்தினேன். கேள்வி நான் போட்டது. ‘குழந்தை எப்போது பிறக்கும்?’ மத்ததுங்க எல்லாம் பத்து மாசம், கரு, முட்டைன்னு அசிங்க அசிங்கமா எழுதி வச்சிருந்துச்சு. அதுங்களுக்குப் பாதி மார்க். இவ மட்டும் ரெண்டே வார்த்தை. ‘திருமணத்துக்குப் பிறகு.’ படிச்சதும் கண் கலங்கிடுச்சு எனக்கு.

பயாலஜி டீச்சர்: அதை அவ நம்பினா சார்.

நிர்வாகி: நம்பணும். அதுதான் கல்வி.

பயாலஜி டீச்சர்: அப்படியே நம்பிட்டா.

நிர்வாகி: நாளைக்கு அஞ்சு நிமிஷம் பேசச் சொல்லுங்க. ‘நான் எப்படி விலகி நின்றேன்’, அதுதான் தலைப்பு... என்னது அது?

தலைமையாசிரியை: எது சார்?

நிர்வாகி: குழந்தை அழற மாதிரி இருக்கே.

தலைமையாசிரியை: பொம்மை.

பயாலஜி டீச்சர்: பொம்மை சார்.

நிர்வாகி: நான் வாங்கிக் குடுத்த பொம்மையா? அடடா. என்ன தத்ரூபம். நெஞ்சைப் பிசையுதே. இதைக் கேட்டா எந்தப் பொண்ணுக்காவது பிள்ளை பெத்துக்கத் தோணுமா? இதைத்தான் மேடையில வைக்கணும். மைக் பக்கத்துல. வாங்க, மேல போய் ஒரு பார்வை பார்த்துடலாம்.

பயாலஜி டீச்சர்: வேண்டாம் சார்.

நிர்வாகி: ஏன்?

பயாலஜி டீச்சர்: அது... ஆம்பளைக் குரல் கேட்டா நிக்கவே நிக்காது. அப்படி செட் பண்ணியிருக்காங்க.

நிர்வாகி: நான் பேசாம வர்றேன்.

தலைமையாசிரியை: உங்களால முடியுமா சார்?

நிர்வாகி: ...அதுவும் சரிதான். ஆனா பாருங்க, தானாவே நின்னுடுச்சு.

பயாலஜி டீச்சர்: ஆமா சார். தூங்கிடும் இனி. நீங்க கிளம்புங்க.

நிர்வாகி: இருங்க... பாடுதா?

பயாலஜி டீச்சர்: என்ன சார்?

நிர்வாகி: யாரோ மெல்லமா பாடுற மாதிரி இருக்கு. வார்த்தை இல்லாம, வாயை மூடிக்கிட்டு.

தலைமையாசிரியை: பொம்மைதான் சார். அதுவே அழும், அதுவே பாடித் தூங்கிக்கும். புது மாடல்.

நிர்வாகி: பாட்டும் கேட்குது, நடுநடுவுல சிணுங்கலும் கேட்குதே. ரெண்டு குரல்.

தலைமையாசிரியை: ஸ்டீரியோ சார்.

நிர்வாகி: ஓ... ஸ்டீரியோ. என்ன இது, மூக்கை உறிஞ்சுது?

பயாலஜி டீச்சர்: பொம்மைக்கு ஜலதோஷம் வர்ற மாதிரி...

நிர்வாகி: இல்ல டீச்சர். மேல யாரோ நடக்குறாங்க. இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு. செருப்பு இல்லாத காலு. நல்லா கேளுங்க.

தலைமையாசிரியை: பள்ளிக்கூடம் காலி சார். அது பூட்டின ரூம்.

நிர்வாகி: அதான் கேட்கிறேன், பூட்டின ரூம்ல...

தலைமையாசிரியை: டீச்சர், அந்தக் கதவைச் சாத்துங்க. சார், இதை யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு இருந்தேன். நீங்க படிச்சவர். பயப்பட மாட்டீங்க.

நிர்வாகி: நான் எதுக்குப் பயப்படணும்? சொல்லுங்க.

தலைமையாசிரியை: அந்தப் பொம்மையில பேட்டரி இல்ல.

நிர்வாகி: ...என்ன?

தலைமையாசிரியை: இதோ டிராயர்ல இருக்கு பாருங்க. கையில பிடிச்சுப் பாருங்க சார், சில்லுன்னு இருக்கும்.

நிர்வாகி: வேண்டாம், வேண்டாம். அப்போ... அது எப்படி...

தலைமையாசிரியை: எனக்கும் தெரியலை. சாயங்காலம் ஆனா இப்படித்தான். முதல்ல அழுவுது. அப்புறம் யாரோ வந்து சமாதானம் பண்றாங்க. போய்ப் பார்த்தா பெட்டி பெட்டியாவே இருக்கு. மேல ஒட்டின பேப்பர் மட்டும் கிழிஞ்சிருக்கு.

நிர்வாகி: இதெல்லாம்... அறிவியல்ல இதுக்கு விளக்கம் இருக்கும்.

தலைமையாசிரியை: அதைத்தான் நீங்க போய்ப் பார்த்துச் சொல்லணும்னு நினைச்சேன். சாவி வேணுமா சார்? டீச்சர், சாரை மேல கூட்டிட்டுப் போங்க. நான் கீழ இருக்கேன்.

நிர்வாகி: இப்பவா? இப்ப எனக்கு... மைக் ஆள் வீட்டுல காத்துட்டு இருப்பான்.

பயாலஜி டீச்சர்: அஞ்சே நிமிஷம்தான் சார். வந்து ஒரு பார்வை பாருங்க.

நிர்வாகி: சொல்றேன்ல. குழுகிட்ட பொம்மையைக் காட்டுறேன்னு வாக்குக் குடுத்துட்டேன், அதனால மேடையில அது இருந்தே ஆகணும். ஆனா நான் வர்றதுக்கு முன்னாடியே இறக்கி வச்சுடுங்க. பேட்டரி போட்டு வைங்க. ரெண்டு பேரும் சேர்ந்தே போங்க, தனியா போக வேண்டாம். நான் வர்றேன்... அந்த லைட்டைப் போடுங்க முதல்ல, வராந்தா இருட்டா இருக்கு.

தலைமையாசிரியை: போட்டாச்சு சார். பார்த்து, படி இருக்கு.

நிர்வாகி: தெரியும், தெரியும். என் பள்ளிக்கூடம்.

பயாலஜி டீச்சர்: ...போயிட்டாரா?

தலைமையாசிரியை: ஓடுறார். ஒரு செருப்பு இங்கயே கிடக்கு. நாளைக்கு எடுத்துக்கட்டும்.

பயாலஜி டீச்சர்: மேடம்.

தலைமையாசிரியை: ம்.

பயாலஜி டீச்சர்: எனக்கே ஒரு நிமிஷம் முதுகு சில்லிட்டுப் போச்சு. நீங்க சொன்ன விதத்துல...

தலைமையாசிரியை: ஆணா, பொண்ணா?

பயாலஜி டீச்சர்: பொம்மைக்கு எப்படி மேடம்...

தலைமையாசிரியை: டீச்சர்.

பயாலஜி டீச்சர்: ...பொண்ணு.

தலைமையாசிரியை: பால் குடிக்குதா?

பயாலஜி டீச்சர்: குடிக்குது. பிறந்து மூணு வாரம்தான் ஆகுது. ஆஸ்பத்திரியில என் அக்கா பொண்ணுன்னு சொல்லிச் சேர்த்தேன். தினமும் பரீட்சைக்கு முன்னாடி பால் குடுத்து ஸ்டோர் ரூம்ல தூங்க வச்சுட்டு வந்து எழுதுவா. முழிச்சா நான் ஓடுவேன். எல்லாரும் போனதும் என் ஸ்கூட்டியில ஏத்திட்டுப் போயிடுவேன். இன்னிக்குதான் நீங்க கிளம்பவே மாட்டேன்னு உட்கார்ந்துட்டீங்க.

தலைமையாசிரியை: அந்த ரூம்லயா பச்சைப் பிள்ளையை வச்சீங்க? தவளைங்க நடுவுல?

பயாலஜி டீச்சர்: இந்தக் கட்டடத்துல யாரும் எட்டிப் பார்க்காத இடம் அது ஒண்ணுதான். முதல் நாள் பயந்தா. பாட்டில்ல இருக்கிறதெல்லாம் முழிச்சு முழிச்சுப் பார்க்குதுன்னா. இப்போ எலும்புக்கூட்டுக் கையில துணி காயப் போடுறா.

தலைமையாசிரியை: அவளுக்கு எப்போ தெரிஞ்சுது?

பயாலஜி டீச்சர்: அவளுக்கா? அவளுக்குத் தெரியவே இல்ல மேடம். ஒரு நாள் லேப்ல எல்லாரும் போன அப்புறம் நின்னா. டீச்சர், மனுஷ உடம்புக்குள்ள வேற ஏதாவது போய் இருக்க முடியுமான்னு கேட்டா. பூச்சியைச் சொல்றான்னு நினைச்சேன். இல்ல டீச்சர், ராத்திரி படுத்தா உள்ளேயிருந்து யாரோ தட்டுறாங்கன்னா. நான் திரும்பிப் படுத்தா அதுவும் திரும்பிப் படுக்குதுன்னா. பேய்ன்னு முடிவே பண்ணிட்டா. லைட்டை அணைக்காம தூங்கியிருக்கா. பசிச்சா அது கோபப்படுது, நான் பாட்டு முணுமுணுத்தா அசையாம கேட்குது டீச்சர், அதுக்குக் காது இருக்குன்னு என் கையைப் பிடிச்சுக்கிட்டுச் சொல்றா. அது எப்ப வெளிய வரும், எந்த வழியா வரும்னு கேட்டா மேடம். என்னைக் கிழிச்சுட்டு வருமான்னு கேட்டா.

தலைமையாசிரியை: நீங்க என்ன சொன்னீங்க?

பயாலஜி டீச்சர்: ஒரு பையனோட பழக்கம் இருந்துச்சான்னு கேட்டேன். ஆமாம்னா, மறைக்காம. அப்போ உனக்குச் சந்தேகமே வரலையாடின்னேன். அவ என்னைத்தான் ஒரு மாதிரி பார்த்தா. எனக்குத்தான் கல்யாணம் ஆகலையே டீச்சர், ஆகாம எப்படி வரும், பரீட்சையிலேயே எழுதினேனேன்னா.

தலைமையாசிரியை: நூத்துக்கு நூறு.

பயாலஜி டீச்சர்: அந்த மார்க்கை நம்பி மாசக்கணக்கா பேயோட தூங்கியிருக்கா.

தலைமையாசிரியை: அந்தப் பையன்?

பயாலஜி டீச்சர்: அவனும் இவ வயசுதான். பசங்க ஸ்கூல்ல படிக்கிறான். அங்கயும் நம்ம நிர்வாகிதான் பாடம் எடுத்தார். அவனுக்குத் தொண்ணூறு.

தலைமையாசிரியை: பத்து எதுல போச்சு?

பயாலஜி டீச்சர்: கையெழுத்து.

தலைமையாசிரியை: ...சிரிக்காதீங்க. எனக்கும் சிரிப்பு வருது. வரக் கூடாது.

பயாலஜி டீச்சர்: டி.சி. குடுத்துடுவீங்களா மேடம்?

தலைமையாசிரியை: காமாலைக்கு எதுக்கு டி.சி.? நாளைக்கு அவளை முதல் பெஞ்சுல உட்கார வைங்க. எழுதட்டும். மேடைக்கு வேண்டாம், திரும்பவும் கண்ணு மஞ்சளாயிடுச்சுன்னு நான் சொல்லிக்கிறேன். குழந்தையை என் ரூம்ல விடுங்க. அந்த ஸ்டோர் ரூம் வேண்டாம். மருந்து நெடி, பிள்ளைக்கு ஆகாது.

பயாலஜி டீச்சர்: உங்க ரூம்லயா? யாராவது வந்துட்டா?

தலைமையாசிரியை: இந்த ரூமுக்குள்ள கூப்பிடாம இதுவரைக்கும் யார் வந்திருக்கா?

பயாலஜி டீச்சர்: அழுதுச்சுன்னா?

தலைமையாசிரியை: பார்த்துக்குவேன்.

பயாலஜி டீச்சர்: தப்பா நினைக்காதீங்க மேடம்... உங்களுக்குக் குழந்தை பார்த்துப் பழக்கம் இல்லையே.

தலைமையாசிரியை: அப்படித்தான் ஊர்ல பேசிக்கிறாங்களா?

பயாலஜி டீச்சர்: ஐயோ, இல்ல மேடம், நான் சும்மா...

தலைமையாசிரியை: தலையைத் தாங்கிப் பிடிக்கணும். குடிச்சு முடிச்சதும் தோள்ல போட்டு முதுகைத் தடவணும். தூங்கிடுச்சுன்னு உடனே கையை எடுத்துடக் கூடாது. கொஞ்ச நேரம் கை அது மேலயே இருக்கணும். தெரியும் எனக்கு.

பயாலஜி டீச்சர்: ...சரி மேடம். ஆனா இன்னொண்ணு இருக்கு. உங்ககிட்ட மறைச்சுட்டேன்.

தலைமையாசிரியை: இன்னுமா?

பயாலஜி டீச்சர்: நாளைக்கு மேடையில பொம்மையை வைக்க முடியாது. பெட்டி காலி. இவளை அங்க கொண்டு விட்ட முதல் நாளே பார்த்தேன். துணி, பால் பாட்டில், கையேடு, எதுவுமே இல்ல. யாரோ திருடிட்டாங்க. சொன்னா ஸ்டோர் ரூமைச் சோதனை போடுவீங்கன்னு வாயைத் திறக்கலை.

தலைமையாசிரியை: திருடு போகலை.

பயாலஜி டீச்சர்: காலியா இருக்கு மேடம், நான் கையை விட்டே பார்த்தேன்.

தலைமையாசிரியை: நாளைக்கு மேடையில அது இருக்கும். நல்லா சத்தமா அழும். அது அங்க அழுதுச்சுன்னா, இங்க இது அழறது யார் காதுலயும் விழாது.

பயாலஜி டீச்சர்: அப்போ அது உங்ககிட்டயா இருக்கு? அந்த டிராயர்ல இருக்கிற பேட்டரி...

தலைமையாசிரியை: மாத்து பேட்டரி. சீக்கிரம் தீர்ந்து போகுது. ராத்திரி ரொம்ப அழுவுதுல்ல.

பயாலஜி டீச்சர்: ...மேடம். மேல அழறது பொம்மை இல்லைன்னு முதல்லயே தெரியுமா உங்களுக்கு?

தலைமையாசிரியை: பொம்மை மூச்சு வாங்காது டீச்சர். இது நடுவுல மூச்சு வாங்கி அழுதுச்சு. அதைக் கேட்டுட்டுதான் கிளம்பாம உட்கார்ந்தேன். யார் பிள்ளையோ, எடுக்கிறதுக்கு ஆள் இருக்காங்களா இல்லையான்னு... சரி, நான் வர்றேன். நீங்க மேல போங்க, அந்தப் பொண்ணு எவ்வளவு நேரம்தான் நடந்துக்கிட்டே இருப்பா.

பயாலஜி டீச்சர்: அவ்வளவு அவசரமா எங்க மேடம்? வீட்டுல உங்களுக்காக யார் காத்திருக்கா?

தலைமையாசிரியை: மத்தியானமாவது ஒரு எட்டு போய்த் தோள்ல போட்டு அமர்த்திட்டு வருவேன். இன்னிக்கு அதுவும் முடியலை. காலையில சுவத்துப் பக்கமா படுக்க வச்சு, தலைகாணியை அணைவா வச்சுட்டு வந்தது... பாவம், இந்நேரம் அழுது அழுது தொண்டை கட்டியிருக்கும்.